கணனி சூடேறி நின்றுபோனால்

ஊரை விட்டு வந்த நாம் இந்த நாட்டில் வாங்கும் முதல் பெரிய சாமான் கார். அதற்கு அடுத்தது, அநேகமான வீடுகளில், ஒரு கணனி. புதிதாக வாங்க வசதி இல்லாதபடியால் ஏதாவது அலுவலகம் கழித்துவிட்ட பழைய பெட்டியை நூறு, நூற்றைம்பது டொலருக்கு வாங்கி வந்து மேசையில் வைக்கிறோம். பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலை, வங்கிக் கணக்கு, குடிவரவுப் படிவங்கள், ஊரில் இருக்கும் தாய் தகப்பனோடு முகம் பார்த்துக் கதைப்பது எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தான். கைத்தொலைபேசியிலேயே எல்லாம் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். பல பக்கப் படிவத்தையும் அதோடு சேர்க்கவேண்டிய பத்திரங்களையும் கைத்தொலைபேசியில் ஏற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கரைச்சல் தெரியும்.

அந்தப் பெட்டி நடு வேலையில் சட்டென்று நின்றுபோனால் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். நாங்கள் எஞ்சினியர்கள் அல்ல. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவர்கள். சுகர் லேண்டில் இருந்துகொண்டு ஒரு தொழிற்சாலையில் மின்பலகைகளுக்குச் சாமான் பூட்டும் வேலைக்குப் போகிறோம். எங்கள் வீட்டில் நடந்ததையும், அதன் பிறகு தெரிந்தவர்களின் நாலைந்து பெட்டிகளைத் திறந்து பார்த்ததில் அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். இப்போதுதான் வந்து குடியேறிய குடும்பங்களுக்கு உதவும் என்று நம்புகிறோம்.

போன கோடையில் எங்கள் வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்கவேண்டி வந்தது. அட்டை முடிந்தால் தொழிற்சாலை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது நம்மவர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரவு வேலை முடிந்து வந்து படிவத்தைத் திறந்தால், ஐந்து நிமிடத்தில் விசிறி இரையும். பிறகு திரை கறுத்துவிடும். எந்த அறிவித்தலும் வராது. பத்து நிமிடம் விட்டுப் போட்டால் திரும்ப வேலை செய்யும், திரும்பவும் நிற்கும். மூன்று இரவுகள் இப்படியே போயின. "அப்பா, பெட்டி திரும்பவும் நிண்டிட்டுது" என்று மகன் சொல்லும்போது வயிறு எரியும்.

ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. மதர்போர்ட் போய்விட்டது, வேறு பெட்டி வாங்குங்கள், முந்நூற்றைம்பது டொலர் என்றார். அந்த மாதம் எங்களிடம் முந்நூற்றைம்பது டொலர் இல்லை.

அந்தக் கிழமை ஊருக்குக் கதைக்கும்போது ஐயாவுக்கு இதைச் சொன்னோம். கணனியைத் தொட்டுப் பார்க்காத மனிதர். "சூடேறினால் உடனை மெசின் பழுதெண்டு சொல்லாதை. காத்துப் போற வழியை முதலிலை பார்" என்றார்.

ஐயா சொன்னது வெங்காயத் தோட்டத்து இறைப்பு மெசினை நினைத்து. தொண்ணூறுகளில் வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அந்த நாட்கள் மறக்காது. மின்சாரம் இல்லை. பெற்றோலும் பற்றரியும் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். இறைப்பு மெசினுக்கு நாலு துளி பெற்றோல் விட்டு உயிர் கொடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். உதிரிப்பாகம் வாங்க வழியில்லாதபடியால் எதையும் எறிவதற்கு முன் நூறு தரம் துடைத்துப் பார்ப்பார்கள். அந்த மெசினைச் சுற்றியும், மோட்டார் சைக்கிள் எஞ்சினைச் சுற்றியும் அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கும். தகடுகளுக்கிடையே புழுதி அடைத்தால் மெசின் கொதிக்கும். கணனிக்குள் இருப்பதும் அதே ஏற்பாடுதான்.

கணனியின் மூளை புரொசெசர் என்னும் சிப். அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணிய சுவிச்சுகள் நொடிக்குப் பல கோடித் தரம் திறந்து மூடுகின்றன. அது குடிக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் சூடாகத்தான் வெளியேறவேண்டும். 1993இல் வந்த முதல் பென்டியம் சிப் சுமார் 15 வாட் மின்சாரம் எடுத்தது. இன்று சாதாரண மேசைக் கணனிச் சிப்பே 65 வாட் அளவில் இருக்கிறது. பெரிய சிப்புகள் முழு வேலையில் 200 வாட்டையும் தாண்டும். பழைய 60 வாட் குமிழ் விளக்கைக் கையால் தொடமுடியாது அல்லவா? அந்தச் சூடு முழுவதும் ஒரு தீப்பெட்டி அளவு இடத்தில் இருந்து வெளியேற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தச் சிப்பின் முன்னோடி பிறந்தது நாம் வாழும் இதே டெக்சாஸ் மாநிலத்தில்தான். 1958இல் டலஸ் நகரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பி என்பவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார். கோடையில் மற்றவர்கள் எல்லாரும் விடுமுறையில் போக, புதியவரான அவருக்கு விடுமுறை இல்லை. ஆளில்லாத வேலைத்தலத்தில் இருந்து யோசித்து, ஒரே துண்டில் முழு மின்சுற்றையும் அமைக்கும் வழியைக் கண்டார். செப்டெம்பர் 12ஆம் திகதி அதை இயக்கிக் காட்டினார். 2000ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. புதிதாகச் சேர்ந்து லீவு கிடைக்காமல் நிற்கும் நம்மவர்கள் இதை அறிந்து வைத்திருக்கலாம்.

சூடு வெளியேறும் பாதை இதுதான்: சிப்பின் மேல் ஒரு பசை, அதன் மேல் ஹீட் சிங்க் என்னும் தகடு அடுக்கு, அதன் மேல் ஒரு விசிறி, பிறகு பெட்டியின் வாசல். இந்தப் பாதையில் எங்காவது அடைத்தால் சிப் முதலில் தன் வேகத்தைக் குறைக்கும். அதுவும் போதாவிட்டால் பெட்டியை அணைத்துவிடும். ஆகவே சட்டென்று நிற்பது பெட்டி செத்ததன் அடையாளம் அல்ல. அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

முதல் வேலை, எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்று எழுதி வைப்பது. போட்டு ஓரிரு நிமிடத்தில், அல்லது சிறு வேலைக்கே நின்றால் ஹீட் சிங்க் சிப்பில் சரியாகப் பொருந்தவில்லை என்று சந்தேகப்படுங்கள். அரை மணித்தியாலம் ஓடி, வீடியோ பார்க்கும்போது நின்றால் தூசி, விசிறி, காய்ந்த பசை. சூடே இல்லாமல் நினைத்தபடி நின்றால் மின்சாரம் கொடுக்கும் பெட்டியைப் பாருங்கள். 2024 ஜூலை 8ஆம் திகதி பெரில் புயல் ஹூஸ்டன் பகுதியில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரத்தை நிறுத்தியது. அப்படி மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது ஏற்படும் அதிர்வு கணனிகளைக் கெடுக்கக்கூடும். சுவரில் நேரடியாகச் செருகாமல் சேர்ஜ் புரொடெக்டர் பலகையில் செருகுவது நல்லது.

இரண்டாவது, சூட்டை அளப்பது. பெட்டியைப் போட்டவுடன் டிலீட் அல்லது எஃப்2 விசையை விட்டுவிட்டு அழுத்தினால் பயோஸ் என்னும் பக்கம் வரும். அதில் சிப்பின் சூடு தெரியும். கோர் டெம்ப், எச்டபிள்யூ மொனிட்டர் போன்ற இலவச புரோகிராம்களும் காட்டும். இந்த நாட்டில் வெயிலைப் பாரன்ஹைட்டில் சொல்வார்கள். கணனி அநேகமாகச் செல்சியஸில் சொல்லும். குழம்பவேண்டாம். சும்மா இருக்கும்போது 35 முதல் 50 பாகை, வேலையில் 60 முதல் 80 பாகை என்றால் பயமில்லை. 90ஐத் தாண்டினால் கவனிக்கவேண்டும். பல இன்டெல் சிப்புகளுக்கு எல்லை 100 பாகை.

எங்கள் பெட்டி ஒரு வேலையும் செய்யாமலே 88 காட்டி, பார்த்துக்கொண்டிருக்க 97க்கு ஏறியது.

மூன்றாவது, திறப்பது. மின்கம்பியைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை விடுங்கள். உள்ளே கைவைக்க முன்னர் பெட்டியின் இரும்பைத் தொடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின் சிப்பைக் கெடுக்கும். தொழிற்சாலையில் இதற்காகவே மணிக்கட்டில் பட்டி கட்டி வேலை செய்கிறோம். பல்கனிக்குக் கொண்டுபோய் மெல்லிய தூரிகையாலோ, கடையில் விற்கும் காற்றுக் குப்பியாலோ தூசியை எடுங்கள். குப்பியை நிமிர்த்திப் பிடிக்கவேண்டும். விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். வீட்டுத் தூசி உறிஞ்சியை உள்ளே விடவேண்டாம். மின்சாரம் கொடுக்கும் பெட்டியை ஒருநாளும் திறக்கவேண்டாம். கம்பி கழற்றிய பின்னும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் இருக்கும்.

எங்கள் ஹீட் சிங்க் நாலு பிளாஸ்டிக் கால்களில் மதர்போர்ட்டைப் பிடித்து நிற்கும் வகை. தூசியைத் தட்டிவிட்டுப் பார்த்தால், மூன்று கால்கள் பூட்டியிருந்தன. நாலாவது மேலே எழும்பி நின்றது. கை மாறி, வாகனங்களில் ஏறி இறங்கிய வழியில் கழன்றிருக்கலாம். ஒரு பக்கம் சிப்பை விட்டு விலகியிருந்தது. பசையும் காய்ந்து சுண்ணாம்பாய்ப் போயிருந்தது.

ஹீட் சிங்க்கைக் கழற்ற முன்னர் பெட்டியை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கம்பியைக் கழற்றினால் பசை இளகும். மேலே இழுக்காமல் இடம் வலமாக மெல்லத் திருகி எடுங்கள். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 வகைப் பெட்டிகளில் இழுத்தால் சிப்பும் சேர்ந்து பிடுங்குண்டு வரும், ஊசிகள் வளைந்துவிடும். மருந்துக்கடையில் விற்கும் 91 வீத அல்ககோலில் கோப்பி வடிக்கும் தாளை நனைத்துப் பழைய பசையைத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பின் புதுப் பசையை ஒரு பயற்றங்கொட்டை அளவில் நடுவில் வையுங்கள். கூடுதலாக அப்பினால் கூடுதலாகக் குளிரும் என்று இல்லை.

பூட்டும்போது ஒரு மூலை, பிறகு அதற்கு எதிர் மூலை என்று குறுக்காகப் பூட்டவேண்டும். கார் சில்லின் நட்டுகளை இறுக்குவது போலத்தான். தொழிற்சாலைப் பலகைகளிலும் நாங்கள் இப்படித்தான் செய்கிறோம். பிளாஸ்டிக் கால் என்றால் 'டிக்' என்ற சத்தம் கேட்கவேண்டும். திருகாணி என்றால் எல்லாவற்றையும் பாதி இறுக்கி, பிறகு முழுவதும் இறுக்கவேண்டும். விசிறிக் கம்பியைத் திரும்பச் செருகவேண்டும். இதற்கெல்லாம் ஒரு திருப்புளியும் ஆறேழு டொலர்ப் பசையும் போதும். எங்கள் பெட்டி இப்போது சும்மா இருக்கும்போது 42 காட்டுகிறது. அன்றிரவே படிவம் முழுவதையும் நிரப்பி, பத்திரங்களை ஏற்றி அனுப்பினோம்.

எல்லாக் கோளாறும் தூசியால் வருவது அல்ல. இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணனிச் சிப்புகள் சில நிலைகுலைந்து நின்றன. தேவைக்கு மேற்பட்ட மின் அழுத்தம் சிப்புக்குப் போனதே காரணம் என்று அந்நிறுவனம் 2024இல் அறிவித்து, பயோஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டியது. அந்தத் தலைமுறைப் பெட்டியைக் கைமாற்றாக வாங்குபவர்கள் பயோஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, பெட்டி இருக்கும் இடம். மின்கட்டணத்துக்குப் பயந்து கோடையில் ஏசியைக் குறைத்து வைக்கிறோம். அறை ஐந்து பாகை கூடினால் சிப்பும் ஏறக்குறைய ஐந்து பாகை கூடும். ஆகவே பெட்டியைக் கம்பளத்தில் வைக்காமல் ஒரு பலகையில் வையுங்கள். சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். வெயில் விழும் யன்னலோரம் வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு ஒரு தரம் தூசி தட்டினால் போதும். நாங்கள் தைப்பொங்கலுக்கு வீடு கழுவும்போது ஒரு தரம், ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சும் நாளில் ஒரு தரம் என்று வைத்திருக்கிறோம். ஒரு குழாய்ப் பசை ஐந்தாறு பெட்டிக்குக் காணும். பக்கத்து வீட்டுக்காரரோடு பங்கு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.