மன்னார்த் தாம்போதியில் வண்ணப் பறவைகள்

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியின் இருமருங்கும் பரந்து கிடக்கும் உவர்நீர்ப் பரப்பை, அவ்வழியே செல்வோருட் பலர் வெறுந் தரவையென்றெண்ணிக் கடந்து விடுவர். மாரி மழை பொழிந்தபின் அங்கு செல்வோர்க்கோ அது வேறொரு காட்சியை நல்கும். வடபுலத்திலிருந்து வந்த தாராக்களும் உள்ளான்களும் ஒருபுறம். நெடுங்காலூன்றி நிற்கும் பூநாரைகள் மறுபுறம். அயலிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2008 ஆம் ஆண்டிற் பிரகடனஞ் செய்யப்பட்டு, 2010 இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. அதன் பரப்பு 4,839 ஹெக்டயர்.

கமராவோடு இங்கு வரும் மாணவர் முதலில் அறியவேண்டியது பறவையின் பெயரன்று. ஞாயிறு நிற்குந் திசையே. வீதியோரக் கம்பியிலிருக்கும் பனங்காடையைப் பாருங்கள். அமர்ந்திருக்கையில் மங்கிய கபில நிறம்; சிறகை விரித்ததும் கண்ணைப் பறிக்கும் நீலம்! அந்நீலம் சாயத்தால் ஆயதன்று. சர் சி. வி. இராமன் 1934 இல் வெளியிட்ட கட்டுரையில் இப்பறவையின் இறகையே ஆராய்ந்துள்ளார். இறகிழையினுள் உள்ள மிக நுண்ணிய காற்றறைகள் ஒளியைச் சிதறச் செய்வதாலேயே நீலந் தோன்றுகின்றது. ஆகவே ஞாயிறு நமது முதுகுப் புறத்தே இருத்தல் வேண்டும். பறவைக்குப் பின்னால் இருப்பின் நீலம் மறைந்து கருமையே எஞ்சும். ஐயமுள்ளோர் வீட்டுப் பூசையறை மயிற்பீலியை விளக்கிற்கு நேரே பிடித்துப் பார்க்கலாம். அதன் பசுமையும் நீலமும் எங்கே போயின என்று பிள்ளைகள் வியப்பர்.

பூநாரையின் செம்மை வேறு வகையானது. அது உண்ணும் சிறு கூனியினங்களிலும் பாசியிலுமிருந்து பெறும் நிறம் அது. உடலோ பெரும்பாலும் வெண்மை கலந்தது. செம்மையின் முழுப் பொலிவும் மடித்த சிறகினுள் ஒளிந்திருக்கும். உச்சிப்பொழுதில் வெண்மை மிகைப்பட்டு இறகின் நுட்பங்கள் அழியும். உவர்நிலத்தினின்று எழும் கானல் படத்தையும் குழப்பும். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஐந்தின் அளவிலும் சாய்ந்து வரும் வெயிலே உகந்தது.

இனி, சொல்ல மனம் ஒப்பாத செய்தியொன்று. அச்செம்மையைப் படமாக்கும் ஆவலிற் சிலர் கை தட்டியும் கல்லெறிந்தும் கூட்டத்தைக் கலைக்கின்றனர். உணவுக்காகவும் ஓய்வுக்காகவும் வந்த பறவையை வீணே பறக்கவிடுதல் அதன் வலுவைத் திருடுதலாகும். அத்தகைய படத்தை நான் என் மாணவரிடமிருந்து ஏற்பதில்லை. தீவின் தென்கரையில் 2020 இல் தொடங்கிய தம்பபவனியின் 30 காற்றாலைகள் பறவைகளின் வான்வழிக்கு இடையூறாகுமோ என்ற விவாதமும் உண்டு. அதற்கு விடை காண வல்லுநர் உளர். கல்லெறிவதை நிறுத்துதற்கு வல்லுநர் வேண்டியதில்லை.

வாகனத்தை விட்டிறங்காது அதன் சாளரத்தில் கமராவைத் தாங்கி இருப்பதே நல்ல வழி. நடந்து வரும் மனிதனுக்கு அஞ்சும் அளவுக்கு, நின்ற வாகனத்திற்குப் பறவைகள் அஞ்சுவதில்லை. நெடுநேரம் நின்று இரைதேடிய பூநாரை, காலொன்றையும் சிறகொன்றையும் தானாகவே நீட்டிச் சோம்பல் முறிக்கும். செம்மை அப்போது முழுதாய்த் தெரியும்.