மூடியைத் திறக்கிறவர்

கிண்ணியாப் பாலத்தைக் கடந்தபோது சுபஹுத் தொழுகைக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. 396 மீற்றர் நீளமான பாலம். 2009 ஒக்ரோபரில் அது திறக்கும்வரை, திருகோணமலைப் பக்கமிருந்து வருகிறவர் ‘பாதை’ என்னும் மிதவையில் ஏறித்தான் இந்த நீரைத் தாண்ட வேண்டியிருந்தது. இப்போது நள்ளிரவு தாண்டியும் வீதியில் கொத்துச் சத்தம் கேட்கிறது. நான் போனபோது அந்தச் சத்தமும் அடங்கியிருந்தது. ஒரேயொரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் மட்டும் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் குந்தியிருந்தார். ஊரில் அவரைக் காக்கா என்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

“வாங்க தம்பி. மூக்கப் பொத்தாதீங்க. வாசம்தான் முதல்ல விசயம் சொல்லும்.”

அவருக்கு முன்னால், குசினிச் சுவரோடு சேர்த்து நிலத்தில் இறக்கிக் கட்டிய சீமெந்துத் தொட்டி. மேலே இரண்டு கொங்கிறீட் மூடிகள். கடைக்காரர்கள் இதைக் கிறீஸ் ட்ராப் என்கிறார்கள். காக்காவுக்கு அது கொழுப்புத் தொட்டி. பீங்கான் கழுவுகிற தண்ணீரும் சட்டி கழுவுகிற தண்ணீரும் இதற்குள் வந்து, சற்றுத் தங்கி, பிறகுதான் வெளியே போகும்.

அது வேலை செய்யும் விதம் நம் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. இறைச்சிக் கறியை ஆறவிட்டால் கொழுப்பு மேலே வந்து படியும். கரண்டியால் வழித்து எடுக்கலாம். தொட்டியும் அதைத்தான் செய்கிறது. வருகிற நீரின் வேகம் உள்ளே தணிகிறது, சூடு ஆறுகிறது. நீரைவிட இலேசான எண்ணெய் மேலே எழும். சோறு, எலும்புத் துண்டு, கறிவேப்பிலை எல்லாம் கீழே மண்டியாகும். நடுவிலே தெளிந்திருக்கும் நீர் மட்டும், கீழ்நோக்கி வளைத்த குழாயின் வழியாக வெளியேறும். மோட்டர் இல்லை, மின்சாரம் இல்லை. நீர் ஓரிடத்தில் அமைதியாக நிற்க வேண்டும், அவ்வளவே.

காக்கா மூடிகளைக் கம்பியால் நெம்பி நகர்த்தினார். உடனே குனியவில்லை. எழுந்து நாலடி தள்ளிப்போய் நின்றார். பத்து நிமிடமாவது காற்றுப் போக வேண்டுமாம். பிறகு ஒரு நீண்ட தடியைச் செங்குத்தாக அடிவரை இறக்கி எடுத்தார். தடியில் மூன்று நிறம் தெரிந்தது. மேலே வெளிறிய மஞ்சள், நடுவில் ஈரம் மட்டும், அடியில் கறுப்பு.

“ரெண்டடித் தண்ணி நிக்கிற தொட்டி. மேலயும் கீழயும் சேத்து அரையடி வந்தா எடுத்திரணும். இது ஏழு இஞ்சி கிடக்கு. போன கிழமை பெருநாள் ஓடர், அதான்.”

தொட்டியின் ஆழத்தில் கால் பங்கைக் கொழுப்பும் மண்டியும் பிடித்துக்கொண்டால் சுத்தம் செய்துவிட வேண்டும் என்பது பல நாடுகளிலும் உள்ள விதி. அந்தக் கணக்கை அவர் தடியிலே வைத்திருந்தார். நடுவில் நிற்கும் நீர் குறையக் குறைய, வருகிற நீர் தங்குகிற நேரமும் குறைகிறது. கொழுப்பு மேலே எழ அவகாசமில்லாமல் நீரோடு இழுபட்டு வெளியே போகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தொட்டி இருக்கிறது, மூடி இருக்கிறது, நீரும் ஓடுகிறது. உள்ளே அது வெறும் குழாயாகிவிட்டிருக்கும்.

துளையிட்ட அகப்பையை நீட்டுக் கழியில் கட்டியிருந்தார். மேல் ஆடையை ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒதுக்கி, பாளம் பாளமாக வாளியில் அள்ளினார். கிண்ணியாவின் வெப்பத்தில் தேங்காய் எண்ணெய் உறைவதில்லை. 24 பாகைக்குக் கீழே போனால்தான் அது கட்டியாகும். மாட்டுக் கொழுப்போ உடல் சூட்டிலும் இறுகியே நிற்கும். ஆகவே எந்தக் கடையில் என்ன சமைக்கிறார்கள் என்று அகப்பையில் ஏறுகிற கனத்தை வைத்தே அவர் சொல்கிறார். ரோல்ஸும் வடையும் பொரிக்கிற கடையின் ஆடை கூழாக வழியும். மாட்டிறைச்சிப் புரியாணி போடுகிற கடையினுடையது சவுக்காரக் கட்டிபோல உடையும். அன்று என் கண்முன் உடைந்தது அந்த இரண்டாவது வகை.

ஆடைக்குப் பிறகு நீர், நீருக்குப் பிறகு மண்டி. அவருடைய மருமகன், இருபது வயதுப் பிள்ளை, மேலே நின்றபடி நீட்டுக் கைப்பிடிச் சட்டியால் மண்டியை அள்ளினான். இருவரில் யாரும் தொட்டிக்குள் கால் வைக்கவில்லை. தொட்டி சிறியது, இறங்கத் தேவையும் இல்லை. ஆனால் பெரிய ஹோட்டல்களின் தொட்டிகள் ஆள் ஆழம் இருக்கும். அழுகும் மண்டியிலிருந்து எழுகிற ஐதரசன் சல்பைட்டு வாயு முதலில் கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடும்போது மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்கப் போகிறவரும் விழுகிறார். 2018 ஏப்ரலில் ஹொரணையில் ஒரு றப்பர் தொழிற்சாலையின் அமோனியாத் தொட்டியில் விழுந்தவரோடு, காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து 5 பேர் இறந்தார்கள். வாயு வேறு, விழுந்த விதம் ஒன்றுதான்.

“இறங்கச் சொன்னா நான் சாமானத் தூக்கிட்டுப் போயிருவன் தம்பி. காசு பிறகும் வரும்.”

இந்தத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் அப்படிச் சொல்கிற துணிவு வாய்க்க வேண்டும். சொன்னதற்காக வேலை போகாது என்ற உறுதியும் வேண்டும்.

நடுச்சுவரில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொண்டே அவர் கடைகளின் தவறுகளைச் சொன்னார். அடைத்துக்கொண்டால் கொதிநீர் ஊற்றுகிறார்கள். கொழுப்பு உருகி ஓடிவிடும். ஆனால் நாலு வீடு தள்ளிக் கானில் போய் ஆறி மறுபடி இறுகும். கழுவுகிற திரவத்தை அள்ளிக் கொட்டினாலும் கதை அதேதான். எண்ணெய் பொடித்துளியாகிக் கரைந்த தோற்றம் காட்டிக் கடந்து போகும். கானில் தங்கிய கொழுப்பு சிதைந்து, சீமெந்திலிருந்து கசியும் கல்சியத்தோடு சேர்ந்து ஒருவகைச் சவுக்காரக் கல்லாக மாறுகிறது. இலண்டனின் வைட்சப்பல் பகுதியில் 2017இல் அப்படி இறுகிக் கிடந்த கட்டி 250 மீற்றர் நீளம், 130 தொன் எடை. அதை உடைத்தெடுக்க ஆட்கள் வாரக்கணக்கில் பூமிக்கடியில் பாடுபட்டார்கள். மறுவருடம் அதன் ஒரு துண்டை நகரின் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

கிண்ணியாவில் அப்படிப்பட்ட பாதாளச் சாக்கடை கிடையாது. குசினி நீர் போவது ஊறு குழிக்கு, அல்லது வீதிக் கானுக்கு. கொழுப்புப் படிந்த மணலில் நீர் ஊறாது. குழி நிரம்பி முற்றத்துக்கு வரும். கானில் போனாலோ நெடுந்தூரம் இல்லை. ஒரு பக்கம் கொட்டியாரக் குடா, மறுபக்கம் தம்பலகாமக் குடா. தட்டைச் சிப்பிகளில் சிறு முத்து எடுத்த நீர் அது. கண்டல் வேர்களுக்கிடையில் இறால் வளர்கிற நீர். 2008இல் வந்த வர்த்தமானி அறிவித்தல், உள்நாட்டு நீர்நிலைகளுக்கு விடும் கழிவுநீரில் எண்ணெயும் கொழுப்பும் லீற்றருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றது. ஒரு துளி எண்ணெயே ஏறத்தாழ 40 மில்லிகிராம் இருக்கும். நாலு லீற்றருக்கு ஒரு துளி என்பதுதான் அந்த எல்லை. ஒரு தாச்சி கழுவும்போது எத்தனை துளி போகிறது என்று அந்த இரவு முதல் நான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.

மாரி மழை தொடங்கினால் அடைத்த கான் வீதிக்கு ஏறும். 2017இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டபோது, முதலில் பலமாக அடிபட்ட ஊர்களில் கிண்ணியா ஒன்று. மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன, ஆஸ்பத்திரி கொள்ளவில்லை. டெங்கு நுளம்பு தெளிந்த நீரை நாடும். கான் சேற்றில் பெருகுவது பெரும்பாலும் வேறு நுளம்பு. ஆனாலும் அந்த மார்ச் மாதத்தைக் கண்ட தாய்மார் தேங்கி நிற்கும் எந்த நீரையும் இன்றுவரை பயத்தோடுதான் பார்க்கிறார்கள்.

எடுத்த கொழுப்பை என்ன செய்வது? அதைப் பார்க்கத்தான் நான் முக்கியமாகப் போனேன். வாளிகளுக்குப் பக்கத்தில் இரண்டு சாக்கு உமி இருந்தது. நெல் ஆலைகள் உள்ள பக்கம், உமிக்குப் பஞ்சமில்லை. கொழுப்பையும் மண்டியையும் உமியில் புரட்டிப் புரட்டி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைந்து, சாக்கில் கட்டிக் குப்பை வண்டிக்கு ஒதுக்கினார்கள். தொட்டி நீரைப் பீப்பாயில் வைத்திருந்து, தெளிந்த பிறகு திரும்பத் தொட்டிக்கே விடுவார்கள். பெரிய தொட்டி என்றால் கழிவை உறிஞ்சும் கலி பவுசர் வர வேண்டும். பொரித்த எண்ணெய் மட்டும் தனிக் கேனில் நின்றது. அது வாங்கிப் போவதற்கு ஆள் உள்ள சரக்கு, உயிரி டீசலாகக்கூடியது. அது தொட்டிக்குள் வரவே கூடாது என்று குசினிப் பையன்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

கொழுப்புத் தொட்டி கட்டு என்று கடைக்காரரிடம் சொல்ல அதிகாரிகள் இருக்கிறார்கள். கட்டுவதற்கு மேசன் இருக்கிறார். திறக்கிறவருக்கு மட்டும் இந்த ஊரில் ஒரு தொழிற்பெயர்கூட இல்லை. “குசினிக் கான் பார்க்கிற ஆள்” என்கிறார்கள். பழுது வந்த பிறகு கூப்பிடுகிறார்கள். கையுறையும் பூட்ஸும் அவர் தன் காசில் வாங்கியவை. தொட்டி கொழுப்பைப் பிடித்து மட்டுமே வைக்கும். ஊரிலிருந்து அதை எடுப்பது இந்த இரண்டு கைகள். கட்டணம் எழுதும்போது, உரிமம் புதுப்பிக்கும்போது, நகர சபை பயிற்சி என்று ஒன்றை நினைக்கும்போது இவர்களை முதலில் எண்ண வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

கடைசியில் ஒரு வேலை மிச்சமிருந்தது. பீப்பாயில் தெளிந்த நீரை விட்டு, போதாததற்குக் குழாய்நீர் பிடித்துத் தொட்டியை வெளிக்குழாய் மட்டம்வரை நிரப்பினார். வெறுந்தொட்டியில் முதல் கழுவல் விழுந்தால் கொழுப்பு தங்காமல் நேரே ஓடிவிடுமாம். நிரப்பியதும் டோர்ச் அடித்துப் பார்த்தார். நீர் ஆடி, ஆடி, நின்றது. மூடிகளை இழுத்துப் பொருத்தினார்.

பள்ளியிலிருந்து பாங்கு கேட்டது. மருமகன் ஓடிக் கடைப் பின்கிணற்றில் வாளி போட்டான். தொழப் போகுமுன் இருவரும் தலை முழுகி உடுப்பு மாற்ற வேண்டும். அதற்கான சாரமும் சேட்டும் சைக்கிள் ஹாண்டிலில் ஒரு பையில் தொங்கின. போகுமுன் காக்கா சுவரில் சோக்குக் கட்டியால் அன்றைய தேதியை எழுதினார். அதற்கு மேலே பழைய தேதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, பாதி அழிந்து கிடந்தன. கீழே அடுத்த தேதி: வெள்ளி ஜும்மாப் புரியாணிக்கு முந்திய வியாழன்.

“மறந்துராதீங்க முதலாளி,” என்று குசினிப் பக்கம் குரல் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்கு நடந்தார்.