சமம் என்று எழுதுவதற்கு முன்

மொழிபெயர்ப்பு மேசையில் சில காலமாவது இருந்த பத்திரிகைக்காரர் எவருக்கும் இது தெரியும்: ஆங்கிலத்தின் நீளமான சொற்கள் தொல்லை தருவதில்லை. அகராதியைப் புரட்டினால் அவற்றுக்கு ஒரு பொருள்தான் இருக்கும். தொல்லை தருபவை சின்னஞ்சிறு சொற்களே. 'ஈவன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணோடு வந்தால் இரட்டை எண். நிலத்தோடு வந்தால் மேடுபள்ளமற்ற தரை. குணத்தோடு வந்தால் பதற்றமின்மை. வாக்கியத்தின் நடுவே தனித்து நின்றால் நமது 'கூட'. 'கெட்' என்ற வினையோடு சேர்ந்துவிட்டாலோ அது பழிதீர்த்தல். நீ அடித்தாய், நானும் அடித்தேன், இப்போது இருவரும் சமம் என்ற கணக்கு அது.

'ஃபெயார்' இன்னும் விசித்திரமானது. நியாயம், அழகு, வெளிர்நிறம், தெளிந்த வானிலை, 'பரவாயில்லை' என்ற மதிப்பீடு, வாராந்தச் சந்தை என எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். மணமகள் தேவை விளம்பரத்தில் வரும் அச்சொல்லை 'நியாயமான பெண்' என்று பெயர்த்தால் அலுவலகமே சிரிக்கும். 'ஈக்குயிட்டி' நீதிமன்றத்தில் ஒப்புரவு, பங்குச் சந்தையில் உரிமை மூலதனம், அபிவிருத்தி அறிக்கையில் அவரவர் தேவைக்கேற்ற பகிர்வு. 'இன்ஈக்குவாலிட்டி' கணித பாடத்தில் வெறும் சமனிலி. அதில் எவர்மீதும் குற்றமில்லை. பொருளாதாரப் பக்கத்துக்கு வந்ததும் அது ஏற்றத்தாழ்வு ஆகிறது. யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழும் இந்த விடயத்தில் குறைந்ததல்ல. கொத்தனாரின் ரசமட்டத்தில் உள்ள 'மட்டம்' நேர்மையின் அளவுகோல். கடையில் 'மட்டமான சரக்கு' என்றால் அது இழிவு. 'ஒப்புரவு' இன்று சட்டத் தமிழில் புழங்கும் சொல். திருக்குறளின் இருபத்திரண்டாம் அதிகாரத்திலோ அது ஊருக்கு உதவி வாழும் கடமை. சமமாக நடத்துவது ஒன்று, பிறர் நிலையறிந்து நடத்துவது இன்னொன்று. இரண்டையும் பழந்தமிழ் வெவ்வேறாக வைத்திருந்தது. நாம்தான் அவசரத்தில் எல்லாவற்றையும் 'சமம்' என்ற ஒரே பெட்டியில் போட்டுவிட்டோம்.

இந்த வேறுபாட்டை எனக்குத் தெளிவாகக் காட்டியது நூலகமல்ல, நாவுல. மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில் உள்ள சிறு நகரம் இது. அருகிலுள்ள நாலந்தா கெடிகே இலங்கைத் தீவின் நட்டநடுவில் இருப்பதாகச் சொல்வார்கள். திராவிடக் கட்டடக்கலையில் அமைந்த பௌத்தக் கற்கோயில் அது. நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடாதிருக்க, 1970களில் கல் கல்லாகப் பிரித்தெடுத்து உயரமான இடத்தில் மறுபடியும் கட்டினார்கள். பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர் போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்கு வந்து, அங்கிருந்து வடமத்திய மாகாணத்து வயல்களுக்குப் போகிறது. 2017இல் நீர் நிரப்பத் தொடங்கிய மொரகஹகந்த நீர்த்தேக்கமும் தொலைவில் இல்லை. ஆனால் நீர் அருகால் போவதும் வயலுக்குள் வருவதும் ஒன்றல்ல. சிறு குளங்களை நம்பி விதைக்கும் கிராமங்களில் இன்றும் மழைதான் தீர்ப்பு.

அத்தகைய கிராமங்களில் 'பெத்ம' என்றொரு பழைய வழக்கம் உண்டு. சிறுபோகத்தில் குளத்து நீர் பாதி வயலுக்கே போதும் என்று வைத்துக்கொள்வோம். எல்லா வயலுக்கும் சம அளவாகத் திறந்துவிட்டால் எல்லாப் பயிரும் கருகும். வாய்க்கால் போகிற போக்கில் விட்டால் மதகுக்கு அருகே காணி வைத்திருப்பவர் மட்டும் அறுவடை செய்வார். பெத்ம முறையில் குளத்தை அண்டிய பகுதியை மட்டும் விதைப்பார்கள். ஆனால் அந்தப் பகுதியை அந்த ஒரு போகத்துக்கு மட்டும் கடைக்கோடி வயற்காரர் உட்பட எல்லோரும் பங்கிட்டுக்கொள்வார்கள். பங்கு ஆளுக்கு ஒரே அளவா, சொந்தக் காணியின் விகிதப்படியா என்பதை ஊர் கூடித் தீர்மானிக்கும். உறுதிப் பத்திரத்தின் எல்லைகள் ஒரு போகத்துக்கு ஒதுங்கி நிற்கும்.

முதலாவது வழியை ஆங்கிலம் 'ஈக்குவல்' என்னும். மூன்றாவதை 'ஈக்குயிட்டபிள்' என்னும். நமது செய்திகளில் இரண்டும் 'சமமான பகிர்வு' என்றுதான் வெளிவருகின்றன. ஒன்றில் பயிர் கருகுகிறது, மற்றதில் விளைகிறது என்பது வாசகருக்குத் தெரிவதேயில்லை.

நாவுலவில் பெரும்பாலும் காதில் விழுவது சிங்களம். அங்கே ஒருவர் தமக்கு அநீதி நேர்ந்தது என்று முறையிடும்போது 'அசாதாரணய' என்கிறார். தமிழ்க் காதுக்கு அது 'வழக்கத்துக்கு மாறானது' என்று கேட்கும். இரு மொழிக்கும் சொல் வந்தது சமஸ்கிருதத்திலிருந்து. எல்லோருக்கும் பொதுவானது என்பதே அதன் அடிப்படைப் பொருள். எல்லோருக்கும் பொதுவானதைச் சிங்களம் நியாயம் என்று கொண்டது. தமிழ் அதைச் சர்வசாதாரணம் என்று தள்ளிவிட்டது. எனவேதான் நமது பிள்ளைகள் எழுதும் சாதாரண தரப் பரீட்சையைச் சிங்களப் பிள்ளைகள் அந்தச் சொல்லால் அழைப்பதில்லை. அவர்களுக்கு அது 'சாமான்ய பெள'. ஒரே தெருவில் வாழும் இரு மொழிக்காரர் நியாயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே சொல் இப்படி வழுக்குகிறது.

வழுக்கியது பேச்சில் மட்டுமல்ல. இந்த நாட்டின் அரசியலில் பாதி இந்தச் சொற்களைச் சுற்றியே நடந்திருக்கிறது. ஜி.ஜி. பொன்னம்பலம் சோல்பரி ஆணைக்குழு முன் கேட்டது 'சமபலப் பிரதிநிதித்துவம்'. பெரும்பான்மையினருக்குப் பாதி ஆசனங்கள், சிறுபான்மையினர் அனைவருக்கும் சேர்த்து மீதிப் பாதி. 'ஐம்பதுக்கு ஐம்பது' என்ற பெயரில் அது சமன் போலவே ஒலித்தது. சனத்தொகையில் மூன்றில் இரண்டுக்கும் மேலாக இருந்த சிங்களவர் காதில் அது சமனின்மையாகக் கேட்டது. 1950களில் இடதுசாரிகள் இரு மொழிக்கும் 'பரிட்டி' கேட்டபோது தமிழில் அது 'சம அந்தஸ்து' ஆயிற்று. 1956இன் சட்டம் அந்த விவாதத்தை ஒரேயடியாக மூடியது.

எழுத்தில் சமமாக இருக்கும் சட்டம் எவ்வாறு சாய்ந்து விழும் என்பதற்கு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. அதில் எந்தச் சமூகத்தின் பெயரும் கிடையாது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததைக் காட்டு என்று எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டது. அந்த ஒரே கேள்வியில் விழுந்தவர்கள் மலையகத் தமிழர். கொடக்கன்பிள்ளை வழக்கில் 1953இல் இலண்டன் பிரிவுக் கவுன்சில், அந்தச் சட்டம் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை மீறவில்லை என்று தீர்ப்பளித்தது. நாடற்றவர் பிரச்சினையைச் சட்டத்தால் முடித்துவைக்க 2003வரை செல்ல வேண்டியிருந்தது.

பிறகு வந்தது 'தரப்படுத்தல்'. ஆங்கில மூலச்சொல் புள்ளியியலுக்குரியது: வெவ்வேறு அளவில் கிடைத்த புள்ளிகளை ஒரே அளவுக்குக் கொண்டுவருதல். 1971இன் பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400க்கு 250 எடுக்க வேண்டியிருந்தது. சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதும். கண்டிப்பாகப் பார்த்தால் இதற்குத் தரப்படுத்தல் என்ற பெயரே பொருந்தாது. இது இரண்டு வெட்டுப்புள்ளி. ஆனாலும் தமிழ்ச் சொல் நிலைத்தது. காரணம், அது தரம் பிரித்தல் என்று நம் காதில் விழுந்தது. பட்டவர்கள் பட்டதும் அதுதான்.

1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. பலமுறை மாறி, பெரும்பாலான பாடநெறிகளுக்கு இன்று 40 வீதம் தீவளாவிய திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று நிற்கிறது. இதை ஒட்டுமொத்தமாக அநீதி என்று நான் எழுத மாட்டேன். ஆய்வுகூடமே இல்லாத பாடசாலையிலிருந்து வரும் பிள்ளையையும் தலைநகரத்துப் பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்துவதும் சமமல்ல. குறை வேறிடத்தில் இருக்கிறது. பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் நுவரெலியாவும் பதுளையும் உள்ளன, மாத்தளை இல்லை. மாத்தளை மலைத்தோட்டத்து லயத்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளையும், நாவுலவுக்கு உள்ளே பஸ் போகாத கிராமத்தில் படிக்கும் சிங்களப் பிள்ளையும் மாத்தளை நகரத்துப் பெரிய பாடசாலைகளோடு மோத வேண்டும். மாவட்டங்களுக்கிடையே சமன் செய்தவர்கள், மாவட்டத்துக்குள் எல்லோரும் ஒரே மட்டத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டார்கள். சராசரி என்பது யாருடைய வீட்டு முகவரியும் அல்ல.

1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சிங்களத்தைத் தனி வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் தமிழுக்கு ஓர் 'ஆல்சோ' சேர்த்தார்கள். அந்த ஆங்கிலச் சொல் தமிழில் 'உம்' என்ற ஒற்றை இடைச்சொல். 'இராமனும் இலக்குமணனும்' என்று இருவர்மீதும் அது ஏறினால் இருவரும் ஒரே வரிசை. ஒருவர்மீது மட்டும் ஏறினால் அவர் பின்னால் வந்து சேர்ந்தவர். பொலிஸ் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு எழுத முடியாமல் திரும்புகிறவருக்கு இந்த இலக்கணம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே விளங்கும்.

இளைய பத்திரிகையாளர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். 'சமம்' என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடாதீர்கள். யார், யாரோடு, எதில், எந்த இடத்தில் நின்று அளந்தபோது சமம் என்று இன்னும் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரிக்கு இடமில்லை என்று பக்க வடிவமைப்பாளர் சொன்னால், தலைப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.