வரிசையின் கடைசியில் ஒரு சிறுவன்

லாக்ராஸ் என்று ஒரு விளையாட்டு உண்டு. உங்களில் பலர் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஒரு குச்சி, அதன் முனையில் ஒரு சின்ன வலைப்பை. அந்த வலையால்தான் பந்தைப் பிடிக்க வேண்டும், சுமந்து ஓட வேண்டும், எறிய வேண்டும். கோல்கீப்பரைத் தவிர யாரும் பந்தைக் கையால் தொடக்கூடாது.

இது வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆட்டம். படைத்தவன் தங்களுக்குத் தந்த ஆட்டம் என்று ஹோடெனோஷோனி மக்கள் இதைப் போற்றுகிறார்கள். 1867-ல் மாண்ட்ரியல் நகரப் பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் இதற்கு விதிகள் எழுதினார். 1904, 1908 ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாக இருந்தது. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, கிரிக்கெட்டோடு சேர்த்து இதையும் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சேர்த்தது.

வரலாறு இவ்வளவு போதும். இனி மைதானத்துக்குப் போவோம்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம். 2004-ல் லாக்ராஸை மாநிலத்தின் அதிகாரபூர்வக் குழு விளையாட்டாக அறிவித்த இடம். அங்கே ஒரு மாலை நேரம், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் இருபது பேர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பயிற்சியாளர் யார் என்றால், அந்தப் பிள்ளைகளில் ஒருவனுடைய அப்பா! சிறுவர் அணிகளில் இது சாதாரணம். சம்பளம் கிடையாது, ஆபீஸ் முடிந்து நேராக வருகிறார். கையில் ஒரு விசில், ஒரு பை நிறையப் பந்துகள், ஒரு மணி நேரம்.

முதல் நாள் அவர் செய்தது எல்லோரும் செய்வதுதான். இருபது பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். பந்தை உருட்டி விடுவார், முன்னால் நிற்பவன் ஓடிப்போய் வலையால் அள்ளித் திருப்பி எறிய வேண்டும். பிறகு வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும்.

பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவனுக்குப் பதினைந்து விநாடி. இருபது பேர் முடிய ஐந்து நிமிடம். பதினைந்து நிமிடப் பயிற்சியில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது மூன்றே முறை! மீதி நேரமெல்லாம் நிற்பதுதான்.

அந்த வரிசையில் ஒரு சிறுவன். ஆட்டத்துக்குப் புதியவன். மூன்று முறையும் பந்து அவன் வலையில் ஏறவில்லை. பத்தொன்பது பேரும் சும்மா நின்றதால் பத்தொன்பது பேரும் அதைப் பார்த்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவன் முறை வரும்போதெல்லாம் ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டான். பின்னால் நின்றவன் முந்திக்கொண்டு ஓடினான். அதை விசில்காரர் கவனிக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் மகன்தான் சொன்னான். "அப்பா, அவன் அடுத்த வாரம் வரமாட்டானாம்."

அடுத்த வாரம் அவன் வந்தான், அம்மா கட்டாயப்படுத்தியதால். ஆனால் மைதானம் மாறியிருந்தது. நான்கு நான்கு பேராக ஐந்து கூட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்து. அதே பதினைந்து விநாடிதான், ஆனால் இப்போது நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவன் முறையும் வந்தது. அதே பதினைந்து நிமிடத்தில் மூன்று முறை பதினைந்து முறை ஆனது. எல்லோரும் வேலையாக இருந்ததால் யார் தவறவிட்டான் என்று வேடிக்கை பார்க்க ஆளில்லை.

அப்பாவுக்கும் இப்போது ஒவ்வொருவனையும் அருகில் போய்ப் பார்க்க நேரம் கிடைத்தது. அந்தச் சிறுவன் பந்துக்கு மேலே நின்றுகொண்டு குச்சியால் மேலிருந்து குத்திக் கொண்டிருந்தான். தவறு அங்கேதான்! தரையில் கிடக்கும் பந்தை அள்ள முழங்கால் மடங்க வேண்டும், பின்கையும் தரைக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். மண்வெட்டியால் மண்ணை அள்ளுவதுபோல, நிற்காமல் ஓடிக்கொண்டே அள்ள வேண்டும். நின்றால் பந்து நழுவும். இதை வரிசையின் முன்னால் நின்று கத்தினால் புரியாது, பக்கத்தில் குனிந்து காட்டினால் ஒரு நிமிடத்தில் புரியும்.

அடுத்தது கிரேடில். பெயருக்கு அர்த்தமே தொட்டில்தான். ஓடும்போது வலையிலிருந்து பந்து விழாமலிருக்க, குச்சியைத் தொட்டில்போல் ஆட்டிக்கொண்டே போக வேண்டும். இதைப் பாடமாக நடத்தாமல் ஆட்டமாக்கிவிட்டார். ஒரு கட்டத்துக்குள் இரண்டு பேர் சுறா, மற்றவர்கள் சின்ன மீன். பந்தோடு மறுகரைக்குத் தப்பிக்க வேண்டும். பிடிபட்டவன் அடுத்த சுறா. பிள்ளைகள் பயிற்சி என்பதையே மறந்து கத்திக்கொண்டு ஓடினார்கள்.

பந்தைப் பிடிக்கப் பயந்தவர்களுக்கு டென்னிஸ் பந்து கொடுத்தார். லாக்ராஸ் பந்து கெட்டி ரப்பர், மேலே பட்டால் வலிக்கும். பயம் போன பிறகு நிஜப் பந்து. வீட்டுக்கு ஒரே ஒரு வேலை: சுவரில் பந்தை எறிந்து பிடிப்பது, வலக்கைக்கு எவ்வளவோ இடக்கைக்கும் அவ்வளவு. சுவர் யாரையும் பார்த்துச் சிரிக்காது, இல்லையா?

கடைசிப் பதினைந்து நிமிடம் நான்குக்கு நான்கு என்று சின்ன ஆட்டங்கள். அந்தச் சிறுவன் கோல் எதுவும் போடவில்லை. ஆனால் தரையில் கிடந்த பந்தை நோக்கி "பால்!" என்று கத்திக்கொண்டே ஓடி, முழங்கால் மடக்கி, ஒரே அள்ளலில் எடுத்துக்கொண்டு ஓடினான். பத்தடி தூரத்தில் பந்து நழுவி விழுந்தது. ஷூ லேஸைக் கட்டக் குனியவில்லை. திரும்பி ஓடி மறுபடி அள்ளினான்.

பயிற்சி முடிந்ததும் பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட அப்பாவுக்கு உதவியதும் அவன்தான். ஒவ்வொரு பந்தையும் குச்சியால் அள்ளித்தான் போட்டான்.

பயிற்சியில் வரிசை நேராக இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். வரிசையின் கடைசியில் நிற்பவனுக்கு எத்தனை முறை பந்து கிடைத்தது என்று எண்ணிப் பாருங்கள். அவன் அடுத்த வாரம் வருவானா, மாட்டானா என்பது அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.