தொப்பியின் உச்சிப் பள்ளம்

நெசவு தெரிந்த ஊருக்கு ஃபெல்ட் ஒரு புதிர். அருப்புக்கோட்டையில் துணி என்றால் பாவும் ஊடையும். நூலைப் பிரிக்கலாம், எண்ணலாம், எங்கே அறுந்தது, எங்கே முடிச்சு விழுந்தது என்று விரலால் தடவியே சொல்லிவிடுகிற ஆட்கள் இங்கே உண்டு. ஃபெல்ட்டில் நூலே கிடையாது. மிருக ரோமம் ஒவ்வொன்றின் மேலும் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடும் ஈரமும் அழுத்தமும் சேரும்போது ரோமங்கள் ஒன்றுக்குள் ஒன்று நகர்ந்து, செதிலோடு செதில் மாட்டிக்கொண்டு, பிறகு பிரிக்கவே முடியாத ஒரு தகடாகிவிடுகின்றன. அதை நெய்வதில்லை, அமுக்குகிறார்கள். எனவே அதற்கு நேர், குறுக்கு என்ற திசைகள் கிடையாது. எந்தப் பக்கம் அழுத்தினாலும் ஏற்றுக்கொள்ளும். ஏற்றதை ஞாபகத்திலும் வைத்திருக்கும்.

இந்த ஞாபகம் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். உருவம், உள்ளடக்கம் என்று 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய காலந்தொட்டு நம் சிறு பத்திரிகைகள் விவாதித்து வந்த விஷயத்தை, ஒரு தொப்பியின் உச்சியில் விழுந்த பள்ளத்தை வைத்து யோசிக்கிற நிர்ப்பந்தம் எனக்கு நேர்ந்தது. அலங்காரத்துக்காகத் தேடிப் பிடித்த உவமை அல்ல இது. தொப்பி ஸ்தூலமாக என் கையில் இருந்தது.

ஃபெடோரா என்ற பெயரே நாடக மேடையிலிருந்து இறங்கி வந்தது. 1882இல் பாரிஸில் அரங்கேறிய விக்டோரியன் சார்துவின் ‘ஃபெடோரா’ நாடகத்தில் ஸாரா பெர்னார் ரஷ்ய இளவரசியாக நடித்தார். அவர் அணிந்த மென்மையான தொப்பிக்கு இளவரசியின் பெயர் ஒட்டிக்கொண்டது. முதலில் பெண்கள் அணிந்தார்கள்; ஆண்கள் பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள். நாம் ஆண்மையின் கம்பீரம் என்று சினிமாவில் பார்த்துப் பழகியது ஒரு நடிகையின் தலையிலிருந்து வந்தது.

உயர்ந்த ரகத் தொப்பிகள் முயல் ரோமத்திலும் நீர்நாய் போன்ற பீவர் என்ற பிராணியின் ரோமத்திலும் செய்யப்பட்டன. முயல் ரோமம் சுலபத்தில் பின்னிக்கொள்ளாது என்பதால் அதைப் பாதரச நைட்ரேட்டில் பதப்படுத்தினார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குக் கை நடுங்கியது, புத்தி பிசகியது. அமெரிக்காவில் 1941இல்தான் இது நின்றது. மலிவு ரகம் ஆட்டு ரோமத்தில். அதற்குப் பாதரசம் வேண்டாம். ஆனால் நனைந்தால் சுருங்கும், சீக்கிரம் தொய்யும். இரண்டையும் மரக்கட்டை அச்சில் ஏற்றி உருவாக்கி, விறைப்புக்கு அரக்கு ஏற்றுவார்கள். அந்த அரக்கு பெரும்பாலும் நம் சோட்டா நாக்பூர்க் காடுகளிலிருந்து கப்பலேறிப் போனது. பாவுக்குக் கஞ்சி எப்படியோ, ஃபெல்ட்டுக்கு அரக்கு அப்படி.

அச்சிலிருந்து இறங்கும்போது உச்சி உருண்டையாக, மொட்டையாக இருக்கும். பள்ளம் பிறகு விழுவது. கடைக்காரன் போடுவான், அல்லது வாங்கியவனே போட்டுக்கொள்வான். நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம், முன்புறம் இரு பக்கமும் இரண்டு குழிகள். கண்ணீர்த்துளி வடிவம், வைர வடிவம் என்றெல்லாம் அதில் வகைகள் உண்டு. இது வெறும் அழகு இல்லை. தட்டையான தகரம் தொய்யும், வளைத்த தகரம் கூரையாக நிற்கும் அல்லவா, அதேபோல மடிப்பு விழுந்த இடத்தில் ஃபெல்ட் பலம் பெறுகிறது. உருவம் என்பது பொருளின் மேல் ஒட்டிய ஒன்றல்ல, பொருள் நிமிர்ந்து நிற்பதற்கான வழி என்பதற்கு இதைவிடப் பிரத்யட்சமான சாட்சியை நான் விமர்சன நூல்களில் கண்டதில்லை.

கரிசல் காட்டில் இந்தத் தொப்பிக்கு வேலை இல்லை. எங்கள் பக்கத்து ஆடுகளுக்கு உடம்பில் முடிதான், கம்பளி கிடையாது. தலைக்குத் துண்டு போதும். வெயிலுக்குத் தலைக்கட்டு, சுமைக்குச் சும்மாடு, மழைக்குச் சாக்கை மடித்தால் கொங்காணி. துண்டுக்கென்று சொந்த உருவம் எதுவும் இல்லை. தேவைக்கு ஓர் உருவம் எடுத்து, தேவை முடிந்ததும் கலைந்துவிடும். ஆனால் அதற்குச் சமூகம் கொடுத்த உருவங்கள் இருந்தன. சம்சாரி ஒருவர் பெரிய வீட்டு வாசலைத் தாண்டும்போது தலையிலிருந்த துண்டு கக்கத்துக்கு இறங்கும். தறிக்காரர் கூலி வாங்க நூல் முதலாளி முன்னால் நிற்கையில் தோளில் கிடந்தது கைக்கு வரும். யாரும் சொல்லித் தருவதில்லை, துணிக்கே தெரியும்.

பக்கத்தில் திருச்சுழி. பிரளய வெள்ளத்தைச் சுழித்துப் பூமிக்குள் இறங்கச் செய்த இடம் என்பது தலபுராணம். உச்சந்தலையில் முடி சுழிக்கிற இடத்தையும் சுழி என்றுதான் சொல்கிறோம். அந்த ஊரில் 1879இல் பிறந்த வேங்கடராமன் 1896இல் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்த அன்றே தலையை மழித்துக் கோவணத்தோடு அமர்ந்து ரமணரானார். தலைக்கு மேல் எதுவுமே வேண்டாம் என்பதும் இந்த மண்ணிலிருந்து கிளம்பிய ஒரு பதில்தான். இப்படிப்பட்ட பூமியில் ஃபெல்ட் தொப்பி எப்படி வந்தது?

இங்கும் நாடகத்தில்தான். பங்குனிப் பொங்கலுக்கு ஊர் இளைஞர்கள் போட்ட சமூக நாடகங்களில் ஒரு சி.ஐ.டி. கட்டாயம் இருப்பார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘வல்லவன் ஒருவன்’ (1966) போன்ற ஜெய்சங்கர் படங்கள் டூரிங் கொட்டகைக்கு வந்து போன பிறகு சி.ஐ.டி. இல்லாத நாடகத்துக்குக் கூட்டம் சேராது. துப்பறிபவனுக்கும் கள்ளக்கடத்தல்காரனுக்கும் ஒரே தொப்பி என்பது தமிழ்ப்படத்தின் விசித்திரம். எங்கள் தெருவில் சி.ஐ.டி. வேஷம் என் பெரியப்பாவுக்கு. பகலெல்லாம் குழித்தறியில் இருந்தவர். மதுரையில் நாடக உடை வாடகைக்கு விடும் ஒருவரிடம் சாம்பல் நிறத் தொப்பி ஒன்றை விலைக்கே வாங்கிவிட்டார். ஆட்டு ரோம ஃபெல்ட். பத்து வருஷத்துக்கு மேல் அதுதான் அவர் வேஷம். கூலிக்கு நிற்கும்போது கையில் துண்டோடு நின்ற அதே மனிதர் மேடையில் பண்ணையாரையும் மில் முதலாளியையும் கைது செய்வார். இதைப் பெரிய கலகம் என்று நான் சொல்ல வரவில்லை. பார்க்க வந்தவர்களில் முதலாளிகளும் இருந்தார்கள், கைதட்டினார்கள். ஆனால் தொப்பியைக் கக்கத்தில் இடுக்க முடியாது. அதன் உருவம் அதற்கு இடம் கொடுக்காது.

அவர் இறந்து முதலாண்டு நினைவஞ்சலிக்கு ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். ஆதார் அட்டைக்கு எடுத்த முகத்தின் மேல் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு தொப்பியை வைத்தார்கள். பள்ளம் பிசிறில்லாமல், ஹாலிவுட் தொப்பி. பெரியம்மா வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஏப்பா, இது அவரு தொப்பியா?” பிறகு தகரப் பெட்டியைத் திறந்து நிஜத்தை எடுத்துக் கொடுத்தாள். பித்தளைச் செம்புகளுக்கு அடியில் முப்பது வருஷம் கிடந்து தோசை மாதிரி ஆகியிருந்தது. “நீ படிச்சவன். இத பழையபடி ஆக்கிக் குடு” என்றாள்.

பழையபடி என்றால் எந்தப் பழையபடி? கேள்வி அங்கேதான் ஆரம்பித்தது.

செய்முறை கஷ்டமில்லை. ஆவி போதும். குக்கரில் வெயிட் போடாமல் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் குழாய் வழியாக ஆவி ஒரே கோட்டில் வரும். தொப்பியை அரை அடி தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் பதினைந்து இருபது வினாடிக்கு மேல் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நனையக்கூடாது, வெதுவெதுவென்று இளகினால் போதும். உள்ளே நெற்றியைச் சுற்றிவரும் தோல் பட்டையில் ஆவி படக்கூடாது. தோல் சுருங்கினால் தொப்பி தலைக்குச் சேராது. ஆவியில் அரக்கு இளகுகிறது, ரோமங்கள் பிடியைச் சற்றுத் தளர்த்துகின்றன. அப்போது உள்ளிருந்து முஷ்டியால் மெல்லத் தள்ளி எல்லா மடிப்பையும் அழித்து உச்சியை உருண்டையாக்க வேண்டும். பிறகு மறுபடி ஆவி காட்டி, உள்ளங்கை ஓரத்தால் நீளவாக்கில் அமுக்கினால் நடுப் பள்ளம். முன்னால் கட்டைவிரலும் மற்ற விரல்களும் கிள்ளிப் பிடித்தால் இரு குழிகள். ஆறும்வரை கையை எடுக்கக் கூடாது. சூட்டில் கொடுத்த உருவம் ஆறும்போதுதான் நிலைக்கிறது.

உச்சி எழுந்ததும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மடிப்பெல்லாம் போன பிறகும் இரண்டு இடங்கள் மட்டும் மெலிந்து வெளிச்சம் கசிந்தது. ஒன்றில் மயிரிழை அளவு விரிசல். தொப்பியை எப்போதும் விளிம்பைப் பிடித்து எடுக்க வேண்டும், உச்சியைக் கிள்ளி எடுக்கக் கூடாது, கிள்ளினால் அந்த இடம் தேய்ந்து பிளக்கும் என்பது தொப்பிக்காரர்களின் முதல் விதி. பெரியப்பா அந்த விதியைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. மெலிந்த இடங்களில் என் விரல்களை வைத்துப் பார்த்தேன். வலது கை பொருந்தவில்லை. வலக்கையால் கழற்றுபவனின் கட்டைவிரல் தொப்பியின் இடப்பக்கம் விழும். இங்கே ஒற்றைக் குழி வலப்பக்கம் இருந்தது. ஆனால் அவர் இடக்கைக்காரர் இல்லை. பெரியம்மாவிடம் கேட்டேன். “துப்பாக்கி வலக்கையில இருக்குமில்ல” என்றாள் சாதாரணமாக. மரத் துப்பாக்கியை நீட்டியபடி இடக்கையால் தொப்பியைக் கழற்றி, தான் யார் என்று தெரிவிக்கிற இடம். விசில் பறக்கிற இடம். வருஷக் கணக்கில் அந்த ஒரு நொடி ஃபெல்ட்டில் தேய்ந்து தேய்ந்து பதிந்திருந்தது.

வங்கிக் கவுன்ட்டரில் கையெழுத்துகளை ஒப்பிடுகிறவனுக்கு இது அந்நியமான அனுபவம் இல்லை. கையெழுத்தில் அடையாளம் தருவது அழகான எழுத்தல்ல, கோணல்தான். வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி எழுதினால் எல்லாருடையதும் ஒன்றுதான்.

இனி என்ன செய்வது? சரியான தொப்பி வேண்டுமென்றால் அந்த மெலிந்த இடங்களைத் தவிர்த்து, சமச்சீராக ஒரு கண்ணீர்த்துளிப் பள்ளம் போடலாம். தொப்பி இன்னும் பல காலம் உழைக்கும், ஃப்ளெக்ஸ் தொப்பி மாதிரியே இருக்கும். விரிசல் இருக்கும் இடத்திலேயே மறுபடி மடித்தால் அது பிளந்துபோக வாய்ப்புண்டு. ஒன்றில் பொருள் பிழைக்கிறது, மற்றதில் மனிதர்.

இது தொப்பிக்கு மட்டும் நேர்வதல்ல. 1929 ஏப்ரலில் சட்டசபையில் குண்டு வீசுவதற்குச் சில நாள் முன்பு பகத்சிங் தில்லியில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படத்தில் ஃபெல்ட் தொப்பி இருக்கிறது. 1931 மார்ச் 23இல் தூக்கிலிடப்பட்டார்; அந்த வாரமே பெரியார் ‘குடி அரசு’வில் தலையங்கம் எழுதினார். தமிழ்நாட்டு டீக்கடைகளிலும் சங்க அலுவலகங்களிலும் நாம் பார்த்தது அந்தத் தொப்பியைத்தான். ஆனால் 2008இல் நாடாளுமன்ற வளாகத்தில் நிறுவிய சிலை தலைப்பாகை கட்டியிருந்தது. தொப்பியா தலைப்பாகையா என்று சர்ச்சை எழுந்தது. அவர் இரண்டையும் அணிந்தவர். கேள்வி அதுவல்ல. இறந்தவனின் தலையை ஆவியில் காட்டி நமக்குப் பிடித்த மடிப்பை விழவைப்பது யாருடைய உரிமை என்பதுதான். மறுகோடியும் உண்டு. 1977இல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சரான எம்.ஜி.ஆரின் வெள்ளைத் தொப்பி, 1987இல் அவர் உடல் ராஜாஜி மண்டபத்தில் கிடத்தப்பட்டிருந்தபோதும் தலையில் இருந்தது. அங்கே உருவம் மனிதரை முழுசாக மூடிவிட்டது. விரல் பட்ட தடம் எதுவும் அதில் நமக்குத் தெரியப்போவதில்லை.

நம் விமர்சகர்களில் ஒரு சாரார் எந்தப் படைப்பையும் அச்சில் ஏற்றிச் சமச்சீர் மடிப்புப் போட்டுத்தான் வாசகனிடம் தருகிறார்கள். மடிப்புக்கு மேற்கிலிருந்து பெயரும் வந்துவிடுகிறது. இன்னொரு சாரார் எழுதியவன் வாழ்க்கையைச் சொல்லிவிட்டால் போதும் என்கிறார்கள். பெட்டியில் நசுங்கியதையும் கை தேய்ந்ததையும் அவர்கள் ஒன்றாகவே வணங்குவார்கள். இரண்டையும் பிரித்தறிய வேண்டாமா? செம்பு நசுக்கியது விபத்து. அதை நீக்கத்தான் வேண்டும். அதற்கு ஆவியும் முஷ்டியும் தேவை. விரல் தேய்த்தது அர்த்தம். நசுங்கலை நீக்காமல் தேய்மானத்தைப் பார்த்திருக்கவே முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும். விமர்சனத்தின் வேலை இந்த வரிசையில்தான் நடக்கிறது: முதலில் மொட்டையாக்குவது, பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பது, அதற்குப் பிறகே மடிப்பது.

விரிசலின் உட்புறம் அதே நிறத்தில் மெல்லிய துணி ஒன்றை ஒட்டினேன். பாவும் ஊடையும் உள்ள துணி. பெரியப்பாவின் தொழில் அவருடைய வேஷத்துக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுக்கட்டும். ஆவி காட்டி, இடக்கையால், கட்டைவிரல் வலப்பக்கம் விழ, ஆறும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். பள்ளம் ஒரு பக்கம் சாய்ந்துதான் விழுந்தது. பெரியம்மா வாங்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. விளிம்பைப் பிடித்து வாங்கினாள் என்பதை மட்டும் கவனித்தேன்.

இப்போது அது தறிக்குழி மூடிய அறையில் அலமாரி மேல் இருக்கிறது. மல்லாத்தி, உச்சி கீழே விளிம்பு மேலே. அப்படி வைத்தால்தான் விளிம்பு தட்டையாகாது.