இடியாப்பமும் மூணு கேப்டன்களும்

கேம்பஸ் இன்டர்வியூ முடிஞ்சப்பவே, இனிமே யார் முன்னாடியும் இப்படிக் கையைக் கட்டிக்கிட்டு உக்கார மாட்டேன்னு சபதம் போட்டிருந்தேன். அந்த சபதத்தை உடைச்சது ரோலர் டெர்பி.

தெரியாதவங்களுக்கு சின்ன முன்கதை. நாலு சக்கர ஸ்கேட்டை மாட்டிக்கிட்டு நீள்வட்டப் பாதையில சுத்திச் சுத்தி ஆடற ஆட்டம் இது. 1935-ல சிகாகோல ஆரம்பிச்சது. நடுவுல மங்கிப் போயி, 2001-ல ஆஸ்டின்ல பொண்ணுங்க சேர்ந்து திரும்ப உயிர் கொடுத்தாங்க. களத்துல ஒரு டீமுக்கு அஞ்சு பேர். ஹெல்மெட்ல நட்சத்திரம் போட்டவங்க ஜாம்மர். முதல் தடவை கூட்டத்தைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வர்றதுக்கு பாயின்ட் கிடையாது. அப்புறம் தாண்டற ஒவ்வொரு எதிராளிக்கும் ஒரு பாயின்ட். மிச்ச நாலு பேரும் தோளாலயும் இடுப்பாலயும் இடிச்சு மறிக்கணும். கபடிக்கும் எங்க ஊரு டவுன் பஸ்ஸுக்கும் பொறந்த குழந்தைன்னு வெச்சுக்கங்களேன்.

எம்.எஸ். படிக்க டெக்சஸ் வந்த நான், ரெண்டு மாசம் புதுசா வர்றவங்க வகுப்புல விழுந்து எழுந்துட்டு, செலக்ஷனுக்குப் போனேன். எங்க லீக்ல அஞ்சு நிமிஷத்துல 27 ரவுண்டு ஓடணும். நான் ஓடினது 24. சரி, இன்டர்வியூல பேசிச் சமாளிச்சுடலாம்னு ஒரு நம்பிக்கை. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவளுக்கு அது கூடவா வராது?

ஸ்கேட் வாடகைக்குக் குடுக்கற கவுன்டர் பக்கத்துல, தரையில உக்காந்திருந்தாங்க மூணு கேப்டன்களும். ஒருத்தர் நர்ஸ், ஒருத்தர் டீச்சர், இன்னொருத்தர் மரவேலை செய்யறவங்க. நானும் முட்டி பேடைக் கூட கழட்டாம எதிர்ல உக்காந்தேன்.

"எதுக்கு இதுல சேரணும்னு நெனைக்கிறே?"

ஹார்ட் ஒர்க், டீம் ஸ்பிரிட்னு மனப்பாடம் பண்ணினதை அப்படியே ஒப்பிச்சேன். யாரும் சிரிக்கவும் இல்ல, எழுதவும் இல்ல.

"டெர்பி பேரு யோசிச்சிருக்கியா?"

எல்லாரும் ஆடறதுக்குன்னு ஒரு பட்டப்பேரு வெச்சுக்குவாங்க. "இடியாப்பம்"னு சொன்னேன். இடின்னா இடிக்கறது, இடியாப்பம்னா அரிசி மாவுல செய்யற பலகாரம்னு விளக்கினதும் மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்பாடா, பாஸ்னு நெனச்சேன்.

அப்பதான் நர்ஸ் கேட்டாங்க: "ஒவ்வொரு தடவை இடிச்சதும் ஏன் சாரி சொல்றே? இன்னிக்கு பதினோரு தடவை."

எண்ணியிருக்காங்க! சொன்னதே எனக்குத் தெரியாது. பதிலும் தெரியல. மனப்பாடம் பண்ணின எதுலயும் அது இல்ல. "தெரியல, யோசிக்கறேன்"னேன். அன்னிக்கு நான் சொன்ன முதல் உண்மை அதுதான். அதை மட்டும் எழுதிக்கிட்டாங்க.

கடைசிக் கேள்வி: "இந்தத் தடவை எடுக்கலைன்னா, செவ்வாய்க்கிழமை பிராக்டிஸுக்கு வருவியா?"

"கண்டிப்பா வருவேன்."

பட்டுன்னு வந்துடுச்சு. ரெண்டு வருஷம் கம்பெனியை விட்டுப் போக மாட்டேன்னு கேம்பஸ்ல சத்தியம் பண்ணாத குறையா சொன்ன அதே வாய்தானே? எட்டாவது மாசம் கேன்டீன்ல ஜிஆர்இ புக்கோட உக்காந்திருந்தேன். இன்டர்வியூல சொல்றதெல்லாம் இன்டர்வியூவோட போச்சுன்னுதான் என் கணக்கு.

ஞாயித்துக்கிழமை மெயில் வந்துச்சு. எடுக்கலை.

செவ்வாய் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் கட்டில்ல படுத்து விட்டத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன். போகலைன்னா யாரும் ஏன்னு கேக்கப் போறதில்ல. அதுதான் உறுத்திச்சு. சம்பளம் இல்ல, பாண்டு இல்ல, பிடிச்சு நிறுத்த ஒண்ணுமே இல்ல. நான் சொன்ன ஒரு வார்த்தை மட்டும்தான் இருக்கு.

போனேன். யாரும் ஆஹா ஓஹோன்னு வரவேற்கல. டீச்சர் ஒரு டேப் ரோலை நீட்டி "பிடி"ன்னாங்க. தரையில கயிறு போட்டு, அது மேல டேப் ஒட்டி, கோடு போட்டோம். அப்பதான் அந்தக் கேள்வி புரிஞ்சுது. எங்க லீக்கை நடத்தறதே ஆடறவங்கதான். ஆட்டத்துல இறங்கறவங்க 15 பேர். இறங்காதவங்கதான் டிக்கெட் கிழிக்கணும், பெனால்டி எழுதணும், கோடு போடணும். இவ நல்லா ஆடுவாளான்னு தெரிஞ்சுக்க ஸ்டாப்வாட்ச் போதும். ஆடாத அன்னிக்கு வருவாளான்னு தெரிஞ்சுக்கத்தான் அந்த இன்டர்வியூ.

அடுத்த செலக்ஷனுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு. இப்ப 26 ரவுண்டு ஆயிடுச்சு. சாரி ரெண்டு மூணுக்குக் குறைஞ்சிருக்கு. ஏன் சொல்றேன்னு மட்டும் இன்னும் பிடிபடல.

இன்னிக்கும் செவ்வாய்க்கிழமை. கிளம்பறேன், டேப் ரோல் என்கிட்டதான் இருக்கு.