உடன்பிறந்த குறை

சென்ற ஆண்டு, என் 62-ஆம் வயதில், மாடிப்படி ஏறுங்கால் மார்பில் ஓர் இறுக்கம் தோன்றவே, புதிதாய் ஏதோ வியாதி வந்துற்றதென அஞ்சி வைத்தியரை நாடினேன். அவர் சி.டி. படம் எடுப்பித்து நோக்கி, "ஐயா, இது வந்த வியாதியன்று, தாங்கள் பிறக்கும்போதே உடன்கொண்டு வந்தது" என்றார். யான் திகைத்துப்போனேன்.

இருதயம் சரீரமனைத்திற்கும் இரத்தத்தை ஊட்டுவதாயினும், அதன் தசைக்கு உணவளிப்பவை பெருநாடியின் அடியில் வலமும் இடமுமாய்த் தோன்றும் இரண்டு சிறு நாடிகளேயாம். அவை மகுடம்போல் இருதயத்தைச் சூழ்ந்து கிடத்தலின், மேனாட்டார் 'கரோனரி' எனப் பெயரிட்டனர். நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர்க்கு இவை பிறவியிலேயே மாறி அமைகின்றன. அவருட் பெரும்பாலோர்க்கு அதனால் தீங்கில்லை. என் வலநாடியோ இடப்பக்கத்தில் தோன்றி, பெருநாடிக்கும் நுரையீரலுக்குச் செல்லும் பெருங்குழாய்க்கும் நடுவே நுழைந்து செல்கின்றது. ஓடும்போதும் மிக உழைக்கும்போதும் இவ்வாறமைந்த நாடி நெருக்குண்டு இரத்தவோட்டம் குறையக்கூடுமாம்.

நிற்க. எனது பதினான்காம் வயதில், பள்ளி ஓட்டப்பந்தயத்தின் பாதிவழியில் மார்பைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டேன். தேகப்பயிற்சி ஆசிரியர் பலரறிய என்னைச் "சோம்பேறி" என்றார். அச்சொல்லை யானும் நம்பினேன். அன்றைய நோவு இந்நாடியால் விளைந்ததே என வைத்தியர் உறுதி கூறவில்லை, விளைந்திருக்கலாம் என்றார். எனினும், நாற்பத்தெட்டு ஆண்டுகளாக நெஞ்சில் தைத்திருந்த முள் அன்று சற்றே அசைந்தது.

அசைந்ததும் வேறொரு நோவு பிறந்தது. இக்கல்லூரியில் யான் ஆசிரியனாயிருந்த காலத்து, மூச்சிரைத்து நின்ற மாணவனொருவனை அதே சொல்லால் கடிந்தேன். அவன் தலைகுனிந்து மீண்டும் ஓடினான். அவனுக்குத் தீங்கொன்றும் நேர்ந்திலது; அதற்குக் காரணம் என் அறிவன்று.

அமெரிக்க தேசத்துக் கூடைப்பந்து வீரர் பீட் மராவிச் தொழில்முறை ஆட்டத்தில் பத்தாண்டுகள் புகழுடன் விளங்கியவர். 1988 ஜனவரி 5-ஆம் தேதி நண்பர்களோடு விளையாடுகையில் வீழ்ந்து, 40-ஆம் வயதில் உயிர் நீத்தார். இடப்பக்கத்துக் கரோனரி நாடி அவருக்குப் பிறவியிலேயே இல்லாதிருந்தமை, இறந்தபின் செய்த பரிசோதனையிலேதான் வெளிப்பட்டது. அத்துணை ஓட்டமும் அவர் குறையைக் காட்டவில்லை. எனில், ஒருவன் ஓடுவதைக் கொண்டோ உட்காருவதைக் கொண்டோ அவன் உள்ளமைப்பை யார் அறிய வல்லார்?

எனக்குச் சத்திரசிகிச்சை வேண்டுவதில்லை எனவும், ஓட்டம் தவிர்த்து நடையோடு அமைக எனவும் வைத்தியர் பணித்துள்ளார். மாணவ நண்பர்களே, விளையாட்டினிடையே மார்பு நோவோ மயக்கமோ உண்டாயின் நாணி மறையாதீர். ஆசிரியப் பெருமக்களே, அச்சொல் நாவில் எழுமுன் மாணவனை வைத்தியரிடம் அனுப்புங்கள்.

அன்று யான் கடிந்த மாணவன் இன்று எவ்வூரிலுள்ளானோ அறியேன். இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின், தன் ஆசிரியன் காலந்தாழ்த்திக் கேட்கும் மன்னிப்பை ஏற்பானாக. ஏற்றபின், ஒருமுறை தன் இருதயத்தையும் பரீட்சித்துக்கொள்வானாக.